ரோமக் காசுக்குப் புளி ஆகாது

பழைய செம்புக் காசு ஒன்று கையில் கிடைத்தால் நம்ம ஊர்ப்பக்கம் முதலில் தேடுவது புளியைத்தான். குத்துவிளக்கு, செம்புக்குடம், பித்தளைச் சருவம் என்று எல்லாவற்றையும் புளி வைத்துத் தேய்த்தே பழகிய கை. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனால் திருநீறு. பாத்திரத்துக்கும் கொலுசுக்கும் இதெல்லாம் சரிதான். ஆயிரத்து அறுநூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த காசுக்கு இரண்டுமே எமன்.

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் உட்கார்ந்துகொண்டு ரோமக் காசு சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். இதெல்லாம் நம்ம பக்கம் எப்படி வந்தது? எந்த ராஜா காசு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எதை வைத்துக் கழுவுகிறீர்கள்? நாலாவதாக விலை. நாலுக்கும் இந்தப் பதிவில் பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று. காசைப் படிப்பதற்காகத்தான் அதன் மேல் கை வைக்கிறோம். படிக்க முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சுத்தம் செய்வதைவிடப் பெரிய வேலை, அந்தக் காசு எங்கே கிடைத்தது என்பதை எழுதி வைப்பது. கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டுக்குள் அடக்கம்.

எப்படி வந்தது?

மிளகு, முத்து, துணி, மணிக்கற்கள். இவற்றை வாங்க வந்த கப்பல்கள் பொன்னும் வெள்ளியுமாகக் கொட்டிவிட்டுப் போயின. இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமப் பணக் கணக்கு) போகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்கிற ரோம எழுத்தாளர் ஆதங்கப்பட்டு எழுதினார். அந்தப் பணத்தின் மிச்சம்தான் தமிழ்நாட்டு மண்ணில் இன்றுவரை கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே கிடைக்கும் ரோமக் காசை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. முதலாவது வெள்ளி. தினாரியஸ் என்று பெயர். இது கொங்குப் பக்கம் அதிகம். கோவையை அடுத்த வெள்ளலூரில் மட்டும் 1842, 1891, 1931 என்று திரும்பத் திரும்பப் புதையல் கிடைத்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்கு வந்த பாதை அது. இரண்டாவது தங்கம். ஆரியஸ் என்பார்கள். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் ஒரே புதையலாக வெளிவந்தன.

மூன்றாவதுதான் நம்மைப் போன்ற எளிய சேகரிப்பாளர்கள் கண்ணில் படுவது. கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னச் சின்னச் செம்புக் காசுகள். கரூரில் அமராவதி ஆற்றிலும், மதுரையிலும், வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்காடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இவை ஏராளம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய ஊர்களில் கிடைத்த இந்தச் செம்புக் காசுகளைப் பற்றி 1994இல் தனி நூலே எழுதினார். சங்ககாலக் காசுகளைப் பற்றி அவர் செய்த வேலை எல்லோருக்கும் தெரியும். பழைய இரும்பு விலைக்குப் போகக்கூடிய இந்தப் பொடிக் காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்ததும் அதே அளவு பெரிய வேலை என்பேன்.

நம்ம ஆறு? பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மகாதேவி, நெல்லை என்று இறங்கிப் புன்னைக்காயல் பக்கம் கடலைத் தொடுகிறது பொருநை, அதாவது தாமிரபரணி. அதன் பழைய முகத்துவாரத்தில் இருந்தது கொற்கை. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்கிற கடல்வழிக் கையேடு, கொல்கோய் என்று கொற்கையைக் குறிக்கிறது. பாண்டியனின் ஆட்சிக்கு உட்பட்ட இடம் என்றும், தண்டனை பெற்ற கைதிகள் அங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் ஆய்வு செய்து 1877இல் எழுதினார். 1888இல் லோவெந்தால் என்கிற பாதிரியார் திருநெல்வேலிச் சீமைக் காசுகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. இதே ஆற்றுப் பக்கத்து ஆதிச்சநல்லூர், சிவகளை அகழாய்வுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பழைய பள்ளத்தாக்கில் காசு பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். எங்கே பொறுக்கினோம் என்று எழுதி வைத்தவர்கள்தான் மிகக் குறைவு.

கழுவும் முன்னால் படிப்பது

காசு கையில் வந்ததும் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். முதலில் எடை. நகை ஆசாரிகள் வைத்திருக்கிற மாதிரி, நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். பிறகு குறுக்களவு. பிறகு உலோகம். இந்த மூன்றை வைத்தே பாதி விடை வந்துவிடும்.

அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளித் தினாரியஸ் 3.7 கிராமை ஒட்டி இருக்கும். வெள்ளியும் கிட்டத்தட்டச் சுத்தம். நீரோ கி.பி. 64 வாக்கில் எடையையும் குறைத்தார், வெள்ளியின் அளவையும் குறைத்தார். தங்கக் காசு அகஸ்டஸ் காலத்தில் ஏழே முக்கால் கிராமுக்கு மேல். நீரோவுக்குப் பின் ஏழே கால் கிராம் அளவு. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் நாலரை கிராம். நம் பக்கத்துச் செம்புப் பொடிக் காசோ ஒரு கிராம், ஒன்றரை கிராம்தான். விட்டம் 12, 13 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு.

அடுத்தது வெளிச்சம். இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் காசின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் அடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது மொட்டையாகத் தெரிந்த காசில் மூக்கும், தாடையும், எழுத்தின் கால்களும் நிழல் கட்டி எழுந்து வரும். காசை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில காசுகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். கழுவவே தேவைப்படாது.

பிறகு படம். இந்தியாவில் கிடைத்த வெள்ளித் தினாரியஸ்களில் இரண்டு வகை மிகவும் அதிகம். ஒன்று அகஸ்டஸ் காசு. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். அவருடைய பேரன்கள் கயஸும் லூசியஸும். இன்னொன்று டைபீரியஸ் காசு. பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டும் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்து அக்கசாலையில் அடித்தவை. இந்த இரண்டு படத்தையும் மனதில் பதித்துக்கொண்டால் தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள ரோம வெள்ளியில் பெரும்பகுதியை நீங்களே அடையாளம் சொல்லிவிடலாம்.

செம்புக் காசுக்கும் இப்படி ஒரு சின்ன வாய்ப்பாடு உண்டு. இரண்டு சிப்பாய்கள், நடுவில் இரண்டு கொடிகள் என்றால் கி.பி. 330 முதல் 335 வரை. அதே சிப்பாய்கள், நடுவில் ஒரே கொடி என்றால் அதற்கு அடுத்த சில வருஷங்கள். குதிரையிலிருந்து சாய்ந்து விழும் வீரனைச் சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான் என்றால் 348க்குப் பின், பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். இறக்கை முளைத்த வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள் என்றால் 388க்குப் பின். மூன்று பேரரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்றால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம்.

ஒரு சின்னக் காசு

மதுரையில் வெகுகாலம் காசு சேர்த்த பெரியவர் ஒருவர், தம் சேகரிப்பிலிருந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். காகித உறையில் பென்சிலால் "வைகை, மதுரை" என்று எழுதி, எந்த வருஷம் கைக்கு வந்தது என்றும் குறித்திருந்தார். காசின் மேல் சாம்பல் நிறத்தில் மண் கெட்டியாக ஒட்டியிருந்தது. எடை 1.1 கிராம்.

டார்ச் அடித்தபோது முதலில் எழுந்து வந்தது புள்ளிகள். தலையைச் சுற்றி இரண்டு வரிசையில் குட்டிக் குட்டிப் புள்ளிகள், பின்னந்தலையில் முடிச்சு, முடிச்சிலிருந்து தொங்கும் இரண்டு நாடா. கான்ஸ்டன்டைனுக்குப் பின் வந்த பேரரசர்கள் அணிந்த முத்துத் தலைப்பட்டை அது. தலை வலது பக்கம் பார்க்கிறது. தோளில் போர்வை.

எழுத்தைப் படிக்க லத்தீன் தெரிய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான். 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், அவ்வளவே வித்தியாசம். கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றிப் படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து 'டி', 'என்'. 'நம் தலைவர்' என்பதன் சுருக்கம். கிட்டத்தட்ட அந்தக் காலத்துக் காசு எல்லாவற்றிலும் இருக்கும். அதற்கப்புறம் வருவதுதான் பெயர். என் காசில் 'ஏ', 'ஆர்', 'சி' என்று மூன்று எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நாலாவது எழுத்து பாதி. ஆர்காடியஸ். கி.பி. 383இல் தந்தை தியோடோசியஸால் இணைப் பேரரசராக்கப்பட்டு, 408 வரை இருந்தவர். பின்பக்கம் வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்துகொண்டு கைதியை இழுக்கிறாள். 'அரசின் நலம்' என்று சுற்றிலும் லத்தீனில் எழுதிய வகை.

கீழே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு அடியில் உள்ள எழுத்துதான் எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும். 'ஏஎன்டி' என்றால் அந்தியோக்கியா. 'ஏஎல்இ' என்றால் அலெக்சாந்திரியா. 'சிஓஎன்எஸ்' என்றால் கான்ஸ்டான்டிநோபிள். 'எஸ்எம்கே' என்றால் சிசிகஸ். என் காசில் அந்த இடம் தேய்ந்துவிட்டது. அதனால் குறிப்பேட்டில் அக்கசாலை என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பொடிக் காசுகளில் முத்திரை பெரிது, தகடு சிறிது. அடிக்கும்போதே பாதி எழுத்து தகட்டுக்கு வெளியே போய்விட்டது. இல்லாத எழுத்தைத் தேடி விளிம்பைச் சுரண்டுபவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு சுரண்டினாலும் வராது.

ஒப்பிட்டுப் பார்க்க ரோமன் இம்பீரியல் காயினேஜ் என்கிற பல தொகுதி நூல் இருக்கிறது. 364 முதல் 395 வரை ஒன்பதாம் தொகுதி, அதற்குப் பின் பத்தாம் தொகுதி. அமெரிக்க நாணயவியல் சங்கம் இந்த வரிசையை இணையத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எந்தப் பேரரசர், என்ன படம் என்று கொடுத்தால் வரிசையாகக் காட்டும். செலவே இல்லாமல் முக்கூடலிலிருந்து செய்யக்கூடிய வேலை இது.

எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரோமக் காசைப் பார்த்து இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ளூரிலேயே செய்த காசுகள் உண்டு. சில்லறைத் தட்டுப்பாட்டை நம் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

மண்ணை எடுப்பது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய பாத்திரக்கடை. போன உடனே கடைக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். "அண்ணாச்சி, ஒங்களுக்காண்டியே நல்லா வெளக்கி வச்சிருக்கேம் பாத்துக்கிடுங்க." உள்ளே சதுரமான செம்புக் காசு. புதுக் கம்பி மாதிரி சிவப்பாக மின்னியது. இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது. சதுரமாக இருந்ததால் பழைய பாண்டியர் காசாக இருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வழியில்லை. யானை இருந்ததா, மீன் கோடு இருந்ததா, எல்லாம் புளித்தண்ணீரோடு போய்விட்டது. அவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

செம்பு மண்ணுக்குள் கிடக்கும்போது என்ன நடக்கிறது? உலோகத்தை ஒட்டி முதலில் செந்நிறத்தில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிறது. அதற்கு மேல் பச்சையாகக் கார்பனேட் படலம். பல நூற்றாண்டுகளில் காசின் மேற்பரப்பே மெல்ல மெல்ல இந்தப் படலமாக மாறிவிடுகிறது. அப்படியானால் பேரரசரின் முகமும் எழுத்தும் இப்போது எங்கே இருக்கின்றன? அந்தப் பச்சைத் தோலில்தான். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம். அமிலம் முதலில் கரைப்பது அந்தத் தோலை. தோல் போனால் அடியில் மிஞ்சுவது குழி குழியான மொட்டைச் செம்பு. செல்போன் சார்ஜரை வெட்டி உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் வித்தையும் இதே கதியில்தான் முடியும்.

நான் செய்கிற முறை எளிது, ஆனால் மெதுவானது.

முதலில் ஊறவைப்பது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. இரண்டும் செம்புக்குப் பகை. அதனால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்குகிறேன். டாப்-அப் செய்யும் வெறும் தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட் கலந்ததை எடுத்து வந்துவிடக் கூடாது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு காசு. இரண்டு காசுகளைச் சேர்த்துப் போட வேண்டாம். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில காசுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

மண் இளகியதும் குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ். அழுத்தாமல், ஈரத்தோடு. இரும்பு பிரஷும் குண்டூசியும் பக்கத்திலேயே வரக் கூடாது. எழுத்துகளுக்கு நடுவே அடைத்திருக்கும் மண்ணுக்கு உடைமுள் வைத்திருக்கிறேன். ஆற்றுக்குப் போகிற வழியில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. கூர்மையாக இருக்கும், ஆனால் உலோகத்தைவிட மென்மை. அழுத்தம் கூடினால் முள்தான் முறியும், காசில் கீறல் விழாது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே, எழுத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும்.

ஆர்காடியஸ் காசில் அந்த நாலாவது எழுத்தை இப்படித்தான் வெளியே கொண்டுவந்தேன். மண் உமி உமியாக விலக, அடியில் கரும்பச்சை நிறத்தில் வழவழப்பான பரப்பு. அதன் மேல் 'ஏ' என்ற எழுத்தின் இரண்டு கால்கள். பெயர் உறுதியானது. அதோடு நிறுத்திவிட்டேன். தோள் பக்கம் இன்னும் மண் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மண்ணும் வைகை மண்தானே.

எண்ணெயில் ஊறப்போடலாமா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போடுவதைப் பார்த்து, இங்கே தேங்காய் எண்ணெயில் போடுகிறார்கள். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்பை மெதுவாகத் தின்னும். நுண்துளைகளுக்குள் புகுந்துவிட்டால் வெளியேற்றவும் முடியாது. வேண்டாம்.

வெள்ளிக் காசில் கறுப்பு ஏறியிருந்தால் அப்படியே விடுங்கள். திருநீறும் பற்பசையும் நுண்ணிய உப்புத்தாள்தான். டைபீரியஸின் கன்னமும் தலைமுடியும்தான் முதலில் தேயும். தங்கத்துக்கு வெறும் தண்ணீர் போதும். காய்ந்த துணியால் தேய்க்கக்கூட வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும்.

வெளிர்ப்பச்சைப் பொடி

செம்புக் காசுக்கு ஒரு நோய் உண்டு. கரும்பச்சையாக, கெட்டியாக, மினுமினுப்பாக இருக்கும் பச்சை நல்ல பச்சை. வெளிர்ப்பச்சையில் பொடிப்பொடியாகப் பூத்தால், முள்ளால் தொட்டதும் உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால், அது நோய். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கிறது. காற்றில் ஈரம் ஏறியதும் வினை தொடங்கி, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுக்கு வேண்டிய அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நல்ல காசுகூட ஒரு வாரத்தில் பூத்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க விழிப்பாக இருக்க வேண்டும்.

நோய் கண்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வாஷிங் சோடாவையும் சமையல் சோடாவையும் கலந்து செய்யும் சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில், நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே வந்தால் குளோரைடு வெளியேறும். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் பலமுறை அலசி, முழுவதும் காயவைக்க வேண்டும். பச்சையின் நிறம் சற்று மாறக்கூடும். அரிய காசாக இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள வேதியியல் பாதுகாப்புப் பிரிவு போன்ற இடங்களில் கேட்பதுதான் சரி. பென்சோட்ரையசோல் என்கிற மருந்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நச்சுத்தன்மை உள்ளது. வீட்டில் வேண்டாம்.

காய்ந்த காசுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகப் பூசிவிட்டால் ஈரம் எளிதில் ஏறாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மட்டும் ஆகவே ஆகாது. வெயிலிலும் புழுக்கத்திலும் அது அமிலத்தை வெளிவிட்டு, காசின் மேல் பச்சைப் பிசுக்கைக் கொண்டுவந்துவிடும். காகித உறையோ மைலார் உறையோ வாங்குங்கள்.

வெட்டு, துளை, போலி

கருக்காக்குறிச்சிக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். காசாகச் செல்லாது, இனி வெறும் பொன்தான் என்று அறிவிக்கும் அடையாளம் என்பது ஒரு விளக்கம். தென்னிந்தியாவில் கிடைத்த வேறு சில தங்கக் காசுகளில் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை இருக்கும். கழுத்தில் கோத்துப் போட்டால் முகம் நேராக நிற்பதற்காகச் செய்தது. அதாவது காசுமாலை. இப்படிப்பட்ட காசு கிடைத்தால் துளையை அடைக்கவோ வெட்டை நிரவவோ கூடாது. ரோமில் அடித்த காசு தமிழ் மண்ணில் என்ன ஆனது என்று சொல்வது அந்த வெட்டும் துளையும்தான்.

போலியும் நிறைய. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு தெரியும். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். எடையும் ஒத்துவராது. ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள இரண்டு காசுகளைப் பார்த்தால் இரண்டையும் கீழே வைத்துவிடுங்கள். ஆற்றில் கிடைத்தது என்று கதை சொல்லி, அவசரப்படுத்தி விற்பவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சட்டமும் ஒரு துண்டுச் சீட்டும்

இப்போது அந்த நாலாவது கேள்வி. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருத்தி, தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள். "எண்ணேன், இது எம்புட்டுக்குப் போவும்?" சந்தையில் இந்தச் செம்புப் பொடிக் காசுக்குப் பெரிய விலை கிடையாது என்று உள்ளதைச் சொன்னேன். "பெறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றாள். உறையிலிருந்த பென்சில் எழுத்தைக் காட்டினேன். ஆர்காடியஸ் காசு உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மதுரை வைகையில் கிடைத்தது என்று எழுதி வைத்த ஆர்காடியஸ் காசு மிகக் கொஞ்சம். அந்தக் காலத்தில் மதுரைக்கும் ரோமப் பேரரசுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்கு முதல் காசு ஒன்றும் சொல்லாது. இரண்டாவது காசு சொல்லும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத காசு தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் மண்வெட்டியோடும் மெட்டல் டிடெக்டரோடும் இறங்குவது குற்றம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு போன்ற இடத்தில் ஒரு குழி தோண்டினால், ஒரு காசு போவதோடு முடிவதில்லை. எந்த அடுக்கில் எது இருந்தது என்கிற கணக்கே குலைந்துபோகும்.

நீங்கள் முக்கூடலிலோ, ஏரலிலோ, ஆற்றங்கரையில் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கிணறு வெட்டும்போது, வாய்க்கால் தூர்வாரும்போது, படித்துறையில் குளிக்கும்போது ஒரு பழைய காசு தட்டுப்பட்டால் இதைச் செய்யுங்கள். தேய்க்காதீர்கள். கிடந்த இடத்தைச் செல்போனில் படம் எடுங்கள். ஊர், கரை, எந்தப் படித்துறை அல்லது எந்த வயல், தேதி, கூடவே பானை ஓடோ செங்கல்லோ கிடந்ததா, இத்தனையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காசோடு காகித உறையில் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டில் தாத்தா காலத்துக் காசுப் பொட்டலம் இருந்தால், எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள். அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஊர்ப்பெயரும் ஆற்றுத்துறையும் அந்தப் பொட்டலத்தில் எழுதப்படாமல் இருக்கின்றன. காசு இன்னும் ஆயிரம் வருஷம் தாங்கும். அந்த ஞாபகம் தாங்காது.